அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு: ஒரு தோட்டக் காற்பந்துக் குழு, ஒரு ரசிகர், ஒரு 555 புத்தகம்

எதைப் பற்றிய பதிவு

2019ஆம் ஆண்டு ஜூன் முதல் அக்டோபர் வரை, மலேசியாவின் கோல சிலாங்கூர் மாவட்டத்தில், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் ஒரு தோட்டக் காற்பந்துக் குழுவுக்கு நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். அப்போது நான் அந்தக் குழுவின் செயலாளர். பகலில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்.

குழு மோசமாக ஆடியது. ஒரு ரசிகர் கொதித்தார். கொதிப்பில் அவர் சொன்னதில் ஒரு பாதி சரி, இன்னொரு பாதி தவறு. நாங்கள் தவறான பாதியைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அதற்கான விலையை ஒரு பத்தொன்பது வயதுப் பையன் கொடுத்தான். யார் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஊர்க்காரர்கள் படித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது தெரியும். அதனால் சம்பந்தப்பட்ட மூவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பின்னணி

பெஸ்தாரி ஜெயா என்ற பெயர் 2007இல் வந்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் ஒருகாலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை டவுனை ஒட்டிய தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) வந்துவிட்டன. ஆனால் திடல் தோட்டத்திலேயே இருக்கிறது. தொழிலாளர்களைக் காலையில் பெயர் கூப்பிட்ட பழைய பெரட்டுக் களத்துக்குப் பின்னால், மாரியம்மன் கோவிலுக்கும் செம்பனை வரிசைக்கும் நடுவில், ஒரு மூலை சற்றே சரிந்த திடல். மழை பெய்தால் அந்த மூலையில் தண்ணீர் நிற்கும். கார்னர் அடிப்பவர் கணுக்கால் நனைய நின்றுதான் அடிக்க வேண்டும்.

எட்டுக் குழுக்கள் ஆடும் வட்டார லீக் அது. ஒவ்வொரு குழுவும் மற்ற ஏழு குழுக்களுடன் இரண்டு முறை மோத வேண்டும். பாதிக்கு 40 நிமிடம். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கும். நோன்புப் பெருநாள் முடிந்து ஜூன் நடுவில் தொடங்கி, தீபாவளிக்கு முன்பு முடித்துவிடுவது வழக்கம். எங்கள் குழுவில் பதினெட்டுப் பேர். அதில் இரண்டு மலாய் இளைஞர்கள், மற்றவர்கள் நம் பிள்ளைகள். பயிற்சியாளர் டவுனில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். காசு வாங்காமல் எட்டு ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்து வந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அவருடைய முடிவு ஒன்றைக் குறை சொல்லப் போகிறேன்.

அந்த ரசிகர்

அவருக்கு அப்போது அறுபத்தாறு வயது. இளமையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டு, பிறகு செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்கு ஓட்டுநர். எழுபதுகளில் இதே திடலில் தோட்டக் குழுவின் இடது விங்கில் ஆடியவர். ஆட்டக்காரர்கள் அவரை 'மாமா' என்பார்கள், சின்னப் பிள்ளைகள் 'தாத்தா' என்பார்கள், செயற்குழுவில் நாங்கள் 'அண்ணே' என்போம். இங்கே அவரைப் பெரியவர் என்று குறிப்பிடுகிறேன்.

சிலாங்கூர் ஆட்டங்களைப் பார்க்க மெர்டேக்கா அரங்கத்துக்கு லாரியில் போன தலைமுறை அது. சிலாங்கூரின் கோல் வேட்டைக்காரர் மொக்தார் டஹாரியின் உதையைப் பற்றியும், 'ஸ்பைடர்மேன்' என்று பெயரெடுத்த கோல்காவலர் ஆர்.ஆறுமுகத்தின் நீண்ட கைகளைப் பற்றியும் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா அமெரிக்காவை 3-0 என்று வென்றதை நேற்று நடந்தது போலச் சொல்வார். 2010இல் கே.ராஜகோபால் பயிற்சியில் மலேசியா ஆசியான் கிண்ணத்தை வென்ற இரவு ஒட்டுக்கடையில் இருந்த எல்லோருக்கும் தேதாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக் கொடுத்தவரும் அவரே. 2015 செப்டம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் பத்துக்குப் பூஜ்யம் என்று தோற்றோமே, அன்றைக்குத் தொலைக்காட்சியைப் பாதியில் அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டதாக அவருடைய மனைவி சொல்லியிருக்கிறார். ஒரு வாரத்துக்குள் ஷா ஆலமில் சவூதி அரேபியாவுடனான ஆட்டம், ரசிகர்கள் திடலுக்குள் தீப்பந்தங்களை வீசியதால், முடிவதற்குச் சில நிமிடங்கள் முன்பு கைவிடப்பட்டது. அதை அவர் கண்டித்தார். "கத்தலாம். எறியக் கூடாது" என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டத்தின் முதல் சொல்லை மட்டும் அவர் மிகத் தீவிரமாகக் கடைப்பிடித்தார்.

அவருடைய கத்தல் ஊரில் பிரபலம். "பந்தைக் கண்டால் பாம்பைக் கண்டது போல விலகுகிறாயே!" "நடுத்திடலில் மூன்று பேர் நிற்கிறீர்கள், பஸ்ஸுக்கா காத்திருக்கிறீர்கள்?" கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆட்டக்காரர்கள் சிரிக்கமாட்டார்கள். கத்தலுக்கு நடுவில் மடியிலிருந்து ஒரு சிறிய 555 குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதுவார். மளிகைக் கடைக் கடன் கணக்கு எழுதுகிற அதே புத்தகம்தான். என்ன எழுதுகிறார் என்று எட்டு ஆண்டுகளில் எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முதல் சுற்று: பார்த்தது

ஜூன் 15இலிருந்து ஜூலை 27 வரை ஏழு ஆட்டங்கள். ஒரு வெற்றி, ஒரு சமநிலை, ஐந்து தோல்வி. போட்டது எட்டு கோல், வாங்கியது பதினேழு. பட்டியலில் கடைசி இடம்.

எண்களை விட ஆட்டத்தின் போக்குதான் வயிற்றெரிச்சலைக் கொடுத்தது. முதல் பாதியில் ஓரளவு ஆடுவார்கள். மூன்று ஆட்டங்களில் முன்னிலையில்கூட இருந்தோம். அதன் பிறகு ஏதோ ஒரு நேரத்தில் குழு இரண்டாகப் பிளந்துவிடும். முன்னால் நான்கு பேர், பின்னால் ஐந்து பேர், நடுவில் ஒரு பேட்மிண்டன் மைதானம் அளவு வெற்றிடம். எதிரணி அந்த இடத்தில் பந்தை வாங்கி, திரும்பி, யோசித்து, எங்கள் வலது பக்கமாக அனுப்பும். எங்கள் வலது தற்காப்பு ஆட்டக்காரர் திரும்பி வருவதற்குள் பந்து கோல் முன்னால் போயிருக்கும்.

பயிற்சியாளர் இதற்குச் சொன்ன காரணம் துரதிர்ஷ்டமும் நடுவரும். நம் நாட்டில் நடுவரைத் திட்ட 'காயு' என்ற ஒரே சொல் போதும். மலாயில் மரக்கட்டை என்று பொருள். எங்கள் பக்கத்து ஆட்களும் அந்தச் சொல்லைத் தாராளமாகச் செலவழித்தார்கள். பெரியவர் மட்டும் நடுவரைத் திட்டவில்லை. "நடுவரா உன்னை நடக்கச் சொன்னார்?" என்று வலது தற்காப்பு ஆட்டக்காரரைப் பார்த்துக் கேட்டார். அவருடைய கண்டுபிடிப்பு இதுதான்: பிள்ளைகள் சோம்பேறிகள். கைத்தொலைபேசியில் இரவெல்லாம் கிடக்கிறார்கள், ஓடப் பயிற்சி இல்லை, தோல்வி அவர்களுக்கு வலிக்கவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். அதற்குப் பிறகு அவர் பயிற்சியாளரை ஒட்டுக்கடையில் பிடித்தார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு சுற்று ஓட விடு. கால் தானாக வரும்" என்றார். பயிற்சியாளர் மறுக்கவில்லை. தோற்றுக்கொண்டிருக்கும் பயிற்சியாளர் யார் சொன்னாலும் கேட்பார். அடுத்த வெள்ளியிலிருந்து, மறுநாள் ஆட்டம் இருக்கிறது என்று தெரிந்தே, திடலைச் சுற்றிப் பன்னிரண்டு முறை ஓடினார்கள். நான் ஓரத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. நான்காவது ஆட்டத்தில் வென்றதும், மருந்து வேலை செய்கிறது என்று மூவரும் நம்பினோம். அந்த ஒரு வெற்றி செய்த கெடுதல் கொஞ்சமல்ல.

ஜூலை 27

ஏழாவது ஆட்டம், சொந்தத் திடலில். 60 நிமிடம் வரை 1-0 என்று நாங்கள் முன்னிலை. 63ஆவது நிமிடத்தில் ஒரு கார்னர். எங்கள் கோல்காவலர் எழுந்து பந்தைப் பிடித்தான். பிடித்த பந்து கையிலிருந்து நழுவி எதிரணி ஆட்டக்காரர் காலடியில் விழுந்தது. 71இல் தூரத்திலிருந்து வந்த ஒரு சாதாரண உதை. பந்து தரையோடு உருண்டு வந்தது, அவன் குனிவதற்குள் தாண்டிப் போனது.

அப்போதுதான் பெரியவர் அந்தச் சொல்லைச் சொன்னார். "விற்றுவிட்டான்! ஆட்டத்தை விற்றுவிட்டான்!"

77இல் மூன்றாவது கோல் விழுந்தபோது, அவர் சொன்னதை வேறு நான்கைந்து பேர் எடுத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

வெளியூர் வாசகர்களுக்கு இதன் கனம் புரியாமல் போகலாம். 1994-95இல் மலேசியக் காற்பந்தை உலுக்கிய சூதாட்ட ஊழலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பல ஆட்டக்காரர்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அரங்கங்கள் காலியாயின. அந்த ஆண்டுகளை நேரில் பார்த்த ரசிகர்களுக்கு, கோல்காவலர் கையிலிருந்து பந்து நழுவினால் முதலில் நினைவுக்கு வருவது ஈரக் கையுறை அல்ல, பணம்தான். ஆனால் அந்தப் பையன் பிறந்தது 2000இல். அவனுக்கு அது வரலாறுகூட அல்ல. அவன் கேட்டது ஊர்முன் தன்னைத் திருடன் என்று சொன்ன ஒரு குரலை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அவனுடைய அம்மாவிடம் யாரோ ஒரு பெண், "உன் மகன் எவ்வளவு வாங்கினான்?" என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு அவன் வரவில்லை. வியாழனன்று கையுறையும் ஜெர்சியும் ஒரு பிளாஸ்டிக் பையில் என் வீட்டுக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தன. ஜெர்சி துவைத்து மடிக்கப்பட்டிருந்தது.

முதல் முடிவும், அது கைவிடப்பட்ட காரணமும்

ஆகஸ்ட் முதல் வாரம் செயற்குழு கூடியது. ஏழு பேரில் ஐந்து பேர் பெரியவரைத் திடலுக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட வேண்டும் என்றார்கள். எனக்கும் கோபம்தான். ஆனால் அந்தத் திடலுக்கு வேலியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. கோவிலுக்குப் போகிற பாதையே அதன் ஓரமாகத்தான் போகிறது. தடை போட்டால் அவர் பாதையில் நின்று கத்துவார். நாங்கள் மேலும் கேலிப்பொருளாவோம்.

உண்மையைச் சொன்னால், இந்த நடைமுறைச் சிக்கல்தான் எங்களைத் தடுத்தது. பெருந்தன்மை எதுவும் இல்லை. தடை முடியாது என்றானதும் வேறு வழி தேடினோம். பொருளாளர்தான் கேட்டார்: "அந்த 555 புத்தகத்தில் என்னதான் எழுதுகிறார்?"

மறுநாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, புத்தகத்தோடு ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள்" என்றேன். குற்றம் சாட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்திருந்தார் போலும், முகம் மாறியது. "புத்தகமா? அது கிறுக்கல், சார்" என்றார். ஆனால் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சரியாக வந்துவிட்டார். சட்டைப்பையில் புத்தகம், அதன் மேல் ரப்பர் வளையத்தில் செருகிய பென்சில்.

புத்தகத்தைப் படித்தது

முதல் சில பக்கங்களில் அரிசி, நெத்திலி, மைலோ என்று கடைக் கணக்கு. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் ஆட்டக் கணக்கு. ஒரு ஆட்டத்துக்கு இரண்டு பக்கம். இடது ஓரத்தில் ஐந்தைந்து நிமிடமாகக் கோடு. எதிரே ஆட்டக்காரரின் ஜெர்சி எண்ணும் ஓர் எழுத்தும்: 'ந' என்றால் ஓட வேண்டிய இடத்தில் நடந்தான். 'நி' என்றால் நின்றே விட்டான். 'கை' என்றால் ஆஃப்சைடு கேட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டான். கோல் விழுந்த இடத்தில் கறுப்பு வட்டம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அம்புக்குறி. மூக்குக்கண்ணாடி போடாத நாளில் எழுத்து பெரிதாக இருந்தது.

பயிற்சியாளரையும் அழைத்திருந்தேன். மூவரும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, ஒரு பெரிய தாளில் ஏழு ஆட்டங்களையும் எடுத்து எழுதினோம். இரண்டு மணி நேரம் ஆனது.

பதினேழு கோலில் பதினொன்று 60ஆவது நிமிடத்துக்குப் பிறகு விழுந்தவை. ஆட்டத்தின் கடைசிக் கால் பங்கு நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கோல்கள். பொதுவாகவே எங்கும் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் கோல்கள் சற்றுக் கூடுதலாக விழும், களைப்புதான் காரணம். ஆனாலும் இது அந்தச் 'சற்று' அல்ல. வலது தற்காப்பு ஆட்டக்காரருக்கு மொத்தம் 61 'ந'. முதல் பாதியில் 17, இரண்டாம் பாதியில் 44.

பெரியவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பார்த்தார். "சோம்பேறி என்றால் முதலிலிருந்தே நடப்பானே" என்றார், எங்களிடம் அல்லாமல் தனக்குத்தானே. அதுவரை ஒவ்வொரு 'ந'வையும் தனித்தனியாக எழுதியவர், அவை பக்கத்தின் கீழ்ப்பாதியில் மொய்த்திருப்பதை அன்றுதான் பார்த்தார். நாங்களும் அப்படித்தான்.

அடுத்த பயிற்சி நாளில் ஆட்டக்காரர்களிடம் ஒரு தாள் கொடுத்து மூன்று கேள்விகள் கேட்டேன். சனிக்கிழமை எத்தனை மணிக்கு எழுகிறாய்? வேலை எப்போது முடிகிறது? ஆட்டத்துக்கு முன்பு கடைசியாக என்ன, எப்போது சாப்பிட்டாய்? ஆசிரியர் கொடுத்த தாள் என்பதால் பதினாறு பேர் ஒழுங்காக எழுதித் தந்தார்கள். ஏழு பேருக்குச் சனிக்கிழமை காலை வேலை. அதில் ஐந்து பேர் முதல் பதினொருவரில் ஆடுபவர்கள். வலது தற்காப்பு ஆட்டக்காரர் காலை ஏழு மணியிலிருந்து ஒரு மணி வரை குலை வெட்டுகிறவர். தலைக்கு மேல் நீண்ட கழியைத் தூக்கி, வெட்டி, பதினைந்து இருபது கிலோ குலைகளைச் சாலை ஓரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, ஐந்து மணிக்கு எங்களுக்காக ஓட வருகிறார். நான்கு பேர் காலை பதினொரு மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தார்கள். வயிறு கனத்தால் ஓட முடியாதாம்.

பெரியவர் அந்தத் தாள்களைப் படித்துவிட்டுச் சொன்னது, இந்த நிகழ்விலேயே எனக்கு மிகவும் பயன்பட்ட விளக்கம். அவர் காலத்தில் எல்லோரும் பால்வெட்டு. காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், விடியும் முன்பே மரத்துக்குப் போவார்கள். பதினொரு மணிக்குப் பால் நிறுத்து முடிந்துவிடும். சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் தூங்கி, ஐந்து மணிக்குத் திடலுக்கு வந்தால் உடம்பு புதிதாக இருக்கும். "எங்களுக்கு ரப்பர் மரமே பயிற்சியாளராக இருந்திருக்கிறது. நான் அது தெரியாமல் இவனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "வெள்ளிக்கிழமை ஓட விடச் சொன்னதும் நான்தான்" என்றார். பயிற்சியாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட விட்டது அவர். எண்ணிக்கொண்டு நின்றது நான்.

எடுத்த முடிவுகள்

வெள்ளிக்கிழமை ஓட்டத்தை அன்றே நிறுத்தினோம். கடினப் பயிற்சி செவ்வாய்க்குப் போனது. வியாழன் மாலை பந்தோடு அரை மணி நேரம் மட்டும்.

சொந்தத் திடலில் மீதியிருந்த நான்கு ஆட்டங்களையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றித் தருமாறு லீக்கிடம் கேட்டோம். மூன்றுக்குச் சம்மதித்தார்கள்.

மாற்றாட்டக்காரர் விஷயத்தில்தான் சச்சரவு. எங்கள் லீக்கில் ஓர் ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றலாம். ஏழு ஆட்டங்களில் முப்பத்தைந்து வாய்ப்பு இருந்தும் நாங்கள் மொத்தம் ஒன்பது பேரைத்தான் இறக்கியிருந்தோம், அதுவும் தோற்றுப்போன பிறகு. காலை வேலை செய்து வந்தவர்களை 50இலிருந்து 55ஆவது நிமிடத்துக்குள் மாற்றிவிடலாம் என்றேன். பயிற்சியாளர் ஒத்துக்கொள்ளவில்லை. நன்றாக ஆடுகிறவனை வெளியே கூப்பிட்டால் அது அவமானம், பையன்கள் மனம் உடைவார்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. யாரை, எந்த நிமிடத்தில் என்பதை ஆட்டத்துக்கு முன்பே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுவது என்று முடிவானது. முன்பே தெரிந்துவிட்டால் அது தண்டனையாகத் தோன்றாது. யார் முன்னிலை, யார் பின்னடைவு என்று பார்க்காமல் அதைக் கடைப்பிடிப்பதாகப் பயிற்சியாளர் வாக்குக் கொடுத்தார். ஒரே ஒரு முறைதான் மீறினார்.

சாப்பாடு எளிதில் முடிந்தது. சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குள் சோறு, நான்கு மணிக்கு வாழைப்பழம். இடைவேளையில் கொடுத்துவந்த ஒரு ஜாடி சிரப் தண்ணீருக்குப் பதில் ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீரும் உப்பு கலந்த எலுமிச்சைச் சாறும். ஒவ்வொரு பாதியிலும் ஒருமுறை தண்ணீர் குடிக்க ஆட்டத்தை நிறுத்தலாமா என்று நடுவர்களிடம் கேட்டோம். 2014 உலகக் கிண்ணத்தில் வெப்பம் மிகுந்த ஆட்டங்களில் அப்படி நிறுத்தியதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருந்ததால், பெரும்பாலான நடுவர்கள் மறுக்கவில்லை.

பெரியவருக்கும் ஒரு வேலை கொடுத்தோம். புத்தகத்தைப் பாதி ஆட்டத்தில் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும். கத்தக் கூடாது என்று நாங்கள் நிபந்தனை போடவில்லை. போட்டிருந்தாலும் நடக்காது. ஆட்டக்காரரின் நேர்மையைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது என்றோம். தலையாட்டினார்.

இரண்டாம் சுற்று

ஆகஸ்ட் நடுவில் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் மறுபடி தோற்றோம். ஆனால் இரண்டு கோலும் முதல் பாதியில் விழுந்தவை. கடைசி இருபது நிமிடம் எதிரணியின் பாதியில்தான் பந்து கிடந்தது. தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு பெரியவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

செப்டம்பர் 5ஆம் தேதி ஜகார்த்தாவில் மலேசியா, கூடுதலாகக் கொடுத்த கடைசி நிமிடங்களில் மலேசிய ஆட்டக்காரர் சுமாரே போட்ட கோலால் இந்தோனேசியாவை 3-2 என்று வென்றது. அடுத்த பயிற்சிக்குப் பெரியவர் வந்து, ஆட்டக்காரர்களை உட்காரவைத்து அந்தக் கோலை மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார். யார் நடந்தான் என்பதை அல்ல, அந்த நேரத்திலும் யார் ஓடினான் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். வலது தற்காப்பு ஆட்டக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.

பிறகு புகைமூட்டம் வந்தது. அந்தச் செப்டம்பரில் சிலாங்கூரில் பள்ளிகளையே மூட வேண்டியிருந்தது. எங்கள் ஆட்டங்களில் இரண்டு ஒத்திவைக்கப்பட்டன. ஆட்டக்காரர்களுக்கு இரண்டு வாரம் ஓய்வு கிடைத்தது. பிற்பாதியில் நாங்கள் நன்றாக ஆடியதில் எங்கள் முடிவுகளுக்கு எவ்வளவு பங்கு, அந்த ஓய்வுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. எதிரணிகளும் அதே ஓய்வைப் பெற்றன என்பது உண்மை. ஆனால் அவர்களுக்கு அது எங்கள் அளவுக்குத் தேவைப்பட்டிருக்காது.

பயிற்சியாளர் வாக்கு மீறியது ஐந்தாவது ஆட்டத்தில். 1-0 முன்னிலை. வலது தற்காப்பு ஆட்டக்காரர் அன்று பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தார். 55ஆவது நிமிடம் வந்தது, பயிற்சியாளர் கைகட்டிக்கொண்டு நின்றார். பெரியவர் கோட்டுக்கு அருகில் வந்து புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். 69இல் அதே பக்கத்திலிருந்து கோல் விழுந்தது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பெரியவர் அன்று ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தது தனக்கு இன்னும் கடினமாக இருந்தது என்று பயிற்சியாளர் பின்னர் சொன்னார்.

ஏழு ஆட்டங்களில் மூன்று வெற்றி, இரண்டு சமநிலை, இரண்டு தோல்வி. வாங்கிய கோல் ஒன்பது. 60ஆவது நிமிடத்துக்குப் பிறகு மூன்று. ஆறாவது இடத்தில் முடித்தோம். கிண்ணம் எதுவும் இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் திடலில் ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் போட்டோம்.

கோல்காவலர்

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்தேன்.

அவன் வீட்டுக்கு நான் போனது ஜூலை 27இலிருந்து மூன்று வாரம் கழித்து. பள்ளி வேலை, கூட்டம், புத்தகம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா எழுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் சொல்லித்தான் தெரியும்: பையன் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை வேலை. சனிக்கிழமை காலை தொழிற்சாலை பஸ்ஸில் வீடு வர எட்டேகால். ஒன்பதுக்குப் படுத்து இரண்டு மணிக்கு எழுந்து ஆட்டத்துக்கு வருவான். ஏழு ஆட்டமும் அப்படித்தான் ஆடியிருக்கிறான். கோல்காவலர் ஓட வேண்டியதில்லையே என்று அவனுடைய வேலை நேரத்தை நாங்கள் ஒருநாளும் விசாரிக்கவில்லை. 71ஆவது நிமிடத்தில் அவன் குனிய ஏன் அவ்வளவு நேரம் எடுத்தது என்பதற்குப் பதில் அந்த வீட்டில் மூன்று வாரமாக இருந்தது.

பெரியவரிடம் சொன்னேன். அன்று மாலையே தனியாகப் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்லை தாத்தா" என்று அவன் சொன்னானாம். ஆனால் திரும்பி வரவில்லை. குழுவில் முப்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரைக் கோலில் நிறுத்தி இரண்டாம் சுற்றை முடித்தோம்.

மீண்டும் நடந்தால்

அந்தச் சொல் திடலில் எல்லோர் காதிலும் விழுந்தது, மன்னிப்பு ஒரு வீட்டு வாசலில் ஒருவன் காதில் விழுந்தது. அடுத்த ஆட்டம் தொடங்கும் முன்பு, அதே திடலில், அதே ஆட்கள் முன்னால், குழுவின் பெயரால் நானே மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பெரியவர் மனம் மாறும்வரை காத்திருந்திருக்கக் கூடாது. இது என் தவறு, அவருடையது அல்ல. ஜெர்சி கதவில் தொங்கிய அன்றே அவன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

வேலை நேரம், தூக்கம், சாப்பாடு பற்றிய தாளைப் பருவம் தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும். கோல்காவலருக்கும் சேர்த்து. கிடைக்கும் பதில்களை வைத்துத்தான் பயிற்சி நாளை வைக்க வேண்டும். யாராவது ரசிகர் வந்து 'இவன் நடக்கிறான்' என்றால், எந்த நிமிடத்தில் என்று முதலில் கேட்பேன். ஏன் நடக்கிறான் என்பதை அவரிடம் கேட்கமாட்டேன், நடக்கிறவனிடம் கேட்பேன்.

2020 பருவத்துக்கு இவற்றையெல்லாம் எழுதிவைத்திருந்தோம். மார்ச் 18இல் கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, லீக் நடக்கவில்லை. திடலில் புல் முழங்கால் வரை வளர்ந்தது.

கோல்காவலனைச் சில மாதங்களுக்கு முன்பு டவுனில் பார்த்தேன். இப்போது பகல் நேர வேலை, திருமணம் ஆகிவிட்டது. நண்பர்களோடு எப்போதாவது ஃபுட்சால் ஆடுகிறானாம். மறுபடி குழுவுக்கு வருகிறாயா என்று கேட்டேன். சிரித்தான். "சனிக்கிழமை தூங்கிப் பழகிவிட்டேன், சார்" என்றான்.